இடது முன் கதவு

மார்ச் 4, திங்கள்

காலையில் காரைத் துடைக்கும்போது இடது முன் கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் பேடு கீழ்ப்புறம் பிளந்து நிற்பதைப் பார்த்தேன். விரலை விட்டால் உள்ளே போகிறது. உள்ளங்கையால் தட்டினேன். உட்கார வேண்டியது உட்காராமல் மறுபடி வாயைத் திறந்துகொண்டது.

கைப்பிடிக்குள் ஒளிந்திருக்கும் திருகுகளைக் கழற்றி, பேடை மெல்லத் தூக்கி எடுத்து, போர்ட்டிகோவில் பழைய பேப்பர் விரித்துக் கவிழ்த்துப் போட்டேன். அதன் முதுகில் சுண்டுவிரல் உயரத்துக்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கின்றன. ஒவ்வொரு காலின் தலையிலும் ஒரு கிளிப். கதவுத் தகட்டின் ஓட்டைக்குள் போய்ப் பிடித்துக்கொள்வது அந்தக் கிளிப்தான். கிளிப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால்கள்தான் அடியோடு முறிந்திருக்கின்றன, அதுவும் கைப்பிடியை ஒட்டி இருப்பவை.

பொள்ளாச்சியில் இந்த வருஷம் மாசியிலேயே வெயில் இப்படிக் காய்கிறது. பிளாஸ்டிக் உலர்ந்துபோனால் முறியத்தான் செய்யும். வண்டியும் பழசு.

அரசி வெளியே வந்து நின்று பார்த்தாள். "யாரு வண்டிங்க இது?" என்றாள். "எச்.எம். அம்மா வண்டி" என்றேன். சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அவளுடைய கேலி எனக்குத் தாமதமாகத்தான் புரியும்.

முட்டைக்கோஸ் பொரியல், ரசம். நான்தான் செய்தேன். கொஞ்ச நாளாக அவளுக்கு அடுப்படி வெக்கை ஒத்துக்கொள்வதில்லை.

மார்ச் 5, செவ்வாய்

பல்லடம் ரோட்டில் சீட் கவர் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாயிடம் போனேன். அவருடைய இரண்டு பெண்களும் அரசி தலைமையாசிரியையாக இருந்த பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். புது பேடு ஆர்டர் கொடுத்தால்தான் வருமாம், அதுவும் எப்போது என்று சொல்ல முடியாதாம். பழசு ஏதாவது கிடைக்கிறதா என்று விசாரிப்பதாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் ஒட்டிப் பாக்கட்டுமா, பாய்?"

"ஒட்டுங்க சார். நிக்காது. ஆனா ஒட்டுனோம்னு ஒரு திருப்தி இருக்கும்" என்றார். பிறகு, "டீச்சரம்மா இப்ப வண்டி எடுக்கறதில்லீங்களா? பாத்தே ரொம்ப நாளாச்சு" என்று கேட்டார்.

கண் கூசுகிறதாம் என்று சொல்லிவைத்தேன். போன வருஷம் ஒருநாள் மார்க்கெட்டில் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டியை விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். மறதி யாருக்கும் வருவதுதான். அன்றிலிருந்து நான் ஓட்டுகிறேன். மில்லில் வேலை பார்த்த காலமெல்லாம் மொபெட்டிலேயே போய்வந்தவன் நான். கார் ஓட்டுவது எனக்கு இன்னும் கைக்குப் பழகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கிளச்ச முழுசா மிதிங்க" என்று அவள் சொல்லும்போதெல்லாம் கோபம் வருகிறது. சரியாகத்தான் சொல்கிறாள்.

மார்ச் 7, வியாழன்

முறிந்த கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, உடனே ஒட்டும் பசையை விட்டு, மேலே சமையல் சோடா தூவினேன். சிமெண்ட் மாதிரி இறுகும் என்று போன் வீடியோவில் ஒருவன் காட்டினான். கால்கள் நின்றன. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தே நின்றுவிட்டன.

அரசிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையில் மை துடைப்பவள் போல நிதானமாகத் தேய்த்துப் பிரித்துவிட்டாள். "அறுபத்தாறு வயசுல பசைய வெச்சு விளையாடற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்றாள்.

பேடை மாட்டிவிட்டேன். பார்த்தால் புதிது மாதிரி இருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

உடுமலைக்குப் போனோம். அரசியின் அக்கா தனபாக்கியம் அங்கே இருக்கிறாள். மாதம் இரண்டு முறையாவது போகாவிட்டால் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போகும்போது ஒன்றுமில்லை. அக்கா செய்த வெல்லக் கச்சாயத்தை அரசி விரும்பிச் சாப்பிட்டாள்.

திரும்பும்போது கோமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடை. பேடு கையோடு வந்துவிட்டது. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்கும்போது பேடு முழுவதும் அவள் மடிமேல் கிடந்தது, கதவின் தகடு அம்மணமாகத் தெரிந்தது. அதைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டேன்.

அப்புறம் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவள், "உங்களுக்குக் கொழந்தைங்க எத்தனைங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான்" என்றேன்.

"பொண்ணா, பையனா?"

முன்னால் ஒரு தென்னைமட்டை லாரி போய்க்கொண்டிருந்தது. தாண்டுவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் பதில் சொல்லவில்லை.

மார்ச் 11, திங்கள்

பசை நிற்கவில்லை. அரசிக்கு இரண்டு தோளும் வலிக்கிறதாம். தைலம் தேய்த்தேன்.

மார்ச் 13, புதன்

முறிந்த இடங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். மில்லில் நூல் சுற்றும் பாபின்கள் உடைந்ததை எத்தனையோ பார்த்திருக்கிறேன். சூட்டில் போனது நொறுங்கியிருக்கும். இழுபட்டுப் போனதில்தான் இப்படி வெளுப்பு ஓடும். வண்டியின் குலுக்கலில் இழுபட்டிருக்க வேண்டும். ரோடு அப்படி இருக்கிறது.

சிக்கந்தர் பாய் தம் கடையில் கிடந்த பழைய பம்பரிலிருந்து நீளமாக ஒரு துண்டு அறுத்துக் கொடுத்தார். அதுவும் பேடும் ஒரே இனத்துப் பிளாஸ்டிக், உருக்கினால் ஒன்றோடொன்று சேரும், இதற்குப் பசையே ஆகாது என்றார். நன்றி சொல்லிக் கிளம்பும்போது, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்:

"டீச்சரம்மாவ பின்னாடி சீட்ல உக்கார வெக்கலாமுங்களே, சார். பின்கதவுல கொழந்தைங்க லாக்கு இருக்குதுல்ல."

"அவ என்ன கொழந்தையா, பாய்?" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க, சார்."

அவருக்கு யார் என்ன சொன்னார்களோ தெரியவில்லை. அந்தக் கடைக்கு இனிமேல் அதிகம் போகக் கூடாது.

மார்ச் 16, சனி

இன்று முழுவதும் இந்த வேலைதான். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, முறிந்த காலை அதன் இடத்தில் நிறுத்தி, முதலில் சுற்றிலும் நான்கு இடங்களில் லேசாக உருக்கிப் பிடிக்க வைத்தேன். பிறகு எவர்சில்வர் வலையைச் சின்னச் சின்னதாக வெட்டி, காலுக்கும் பேடுக்கும் குறுக்காக வைத்து, சூட்டோடு அழுத்திப் புதைத்தேன். அதன் மேல் பம்பர் துண்டைச் சீவலாகச் சீவி உருக்கி ஊற்றி மூடினேன். புகையில் தொண்டை கமறியது. முதுகு நிமிர மாட்டேன் என்கிறது.

அரசி நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சீவல்களை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். நடுவில் எழுந்து உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். குளியலறை வாசலில் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். சேலை நனைந்திருந்தது. மாற்றிவிட்டேன்.

மாலையில் பேடை மாட்டினேன். கிளிப்புகள் ஒவ்வொன்றாக 'டக்'கென்று உட்கார்ந்த சத்தம் காதுக்கு இதமாக இருந்தது.

மார்ச் 23, சனி

ஆனைமலை கோயிலுக்குப் போய்வந்தோம். பேடு அசையவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

உடுமலையிலிருந்து திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். அரசி காற்றாட இறங்கினாள். பெட்டிக்கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு நான் திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணோம். தண்டவாளத்தை ஒட்டிய மண் பாதையில் கைப்பையை மாட்டிக்கொண்டு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். செருப்பு ஒன்று வழியில் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்தான் ஓடிப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்போது ரயில் போயிற்று.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவரு உங்களுக்கு என்ன வேணுமுங்கம்மா?" என்று அவளைத்தான் கேட்டாள்.

அரசி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான், "எங்க வீட்டுக்காரருங்க" என்றாள்.

நடந்து போனால் கால்வலிக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள். ஆனாலும் ரயில் பாதை ஓரமாகப் போவது சரியில்லை. சொல்லியிருக்கிறேன்.

பேடின் கால்கள் முறியாமல் நின்றுவிட்டன. ஆனால் கைப்பிடியைச் சுற்றிப் பேடே கிழியத் தொடங்கியிருக்கிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

மகள் சுகந்தி ஓசூரிலிருந்து போன் பண்ணினாள். கேட் விஷயம் எப்படியோ தனபாக்கியத்தின் காதுக்குப் போய், அங்கிருந்து அவளுக்குப் போயிருக்கிறது.

"அப்பா, அம்மாவ டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"காட்டாம? சுகர், பிரஷர் எல்லாம் பாத்தாச்சு."

"நான் கேக்கறது அது இல்லப்பா. போன வாரம் அம்மா போன்ல என்னைய 'மிஸ்'ஸுன்னு கூப்பிட்டாங்க. எந்த ஸ்கூல்ல வேலை பாக்கறீங்கன்னு கேட்டாங்க."

"அவ வெளையாட்டா ஏதாச்சும் சொல்லுவா."

வருஷப் பிறப்புக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

ஏப்ரல் 6, சனி

பிளாஸ்டிக்கை நம்பிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. இரும்புக் கடையில் தகட்டுப் பட்டை வாங்கினேன். கைப்பிடிக்குப் பின்னால் பேடின் அகலத்துக்கு ஒரு பட்டை. அதிலிருந்து கதவுத் தகட்டுக்கு மூன்று இடங்களில் துளை போட்டு ரிவெட். டிரில் போடும் சத்தத்துக்கு அரசி காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முடித்தபின் பேடைப் பிடித்து என் முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தேன். வண்டிதான் ஆடியது. மில்லை விட்டு வந்தபிறகு இவ்வளவு திருத்தமாக நான் ஒரு வேலை செய்ததில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

அரிசியில் வண்டு. உலர்த்தி, புடைத்து வைத்தேன். அரசி பகலெல்லாம் தூங்கினாள்.

ஏப்ரல் 10, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவளே காலையில், "ஆழியாறு பக்கம் போலாமுங்களா, காத்தாட இருக்கும்" என்று கேட்டாள். மனம் குளிர்ந்துபோனது. அணைப் பூங்காவில் நிழலில் உட்கார்ந்தோம். மாங்காய்க் கீற்று வாங்கிக் கொடுத்தேன். தான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள், ஒரு பெயர்கூடப் பிசகவில்லை.

திரும்பும்போது வெயில் எதிரே இருந்தது. கோட்டூர் பிரிவைத் தாண்டியதும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

"எதுக்கு, அரசி?"

"எம் பேரு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. கதவைத் திறக்கப் பார்த்தாள். பூட்டியிருந்தது. கதவில் ஒரு காலை உதைத்துக்கொண்டு, கைப்பிடிக்குள் இரண்டு கைகளையும் விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். இந்தக் கோலத்தை நான் இதற்குமுன் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். உடுமலை ரோட்டில் பார்த்தேன். அதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ரோட்டைப் பார்த்து ஓட்டினால் போதும் என்று இருந்துவிட்டேன்.

முன்பெல்லாம் பேடு கையோடு வந்துவிடும். அதைப் பார்த்துத் திகைத்து அவளும் அடங்கிவிடுவாள். இன்று அது வரவில்லை. என் ரிவெட்டுகள் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. அவள் விடவும் இல்லை. நான் வண்டியை ஓரம் கட்டுவதற்குள் நகம் பிய்ந்துவிட்டது. வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று. பேடெல்லாம் ரத்தம்.

அந்தக் கைகளைச் சேர்த்து என்னைக் கும்பிட்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமாப் போகும். என்னைய எறக்கி விட்ருங்க. எங்க வீட்டுக்காரரு மில்லுல இருந்து வர்ற நேரமுங்க. நான் வீட்ல இல்லீன்னா தேடுவாரு. அவருக்கு ஒண்ணுஞ் செஞ்சு திங்கத் தெரியாது."

என்னிடமிருந்து தப்பித்து என்னிடம் வருவதற்காகத்தான் இத்தனை நாளும் அவள் அந்தக் கதவைப் பிய்த்திருக்கிறாள்.

நான் பக்கத்தில் இருக்க இருக்க அவளுக்கு நடுக்கம் கூடியது. சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அந்தப் பக்கம் போய்க் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, தள்ளிப் போய்த் தென்னந்தோப்பு வேலி ஓரமாக, அவள் ரோட்டுக்கு ஓடினால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டேன். அவள் இறங்கவில்லை. வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஒருவன் நிறுத்தி, "பஞ்சருங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வெகுநேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, அங்க வெயில்ல எதுக்கு நின்னுட்டிருக்கீங்க?"

ஓடினேன். கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதென்னுங்க, இப்புடி ரத்தம்?" என்றாள்.

"கதவுல மாட்டிக்கிச்சு."

"பாத்து சாத்தக் கூடாதுங்களா?" என்று என்னைக் கடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு ஊசி போட்டார்கள்.

ஏப்ரல் 11, வியாழன்

இரண்டு கையிலும் கட்டு. சோறு பிசைந்து ஊட்டினேன். முதலில் கூச்சப்பட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

சாப்பிட்டதும் ரிவெட்டுகளை டிரில் போட்டு எடுத்தேன். பட்டையை உருவி வெளியே எறிந்தேன். கைப்பிடிப் பக்கத்துக் கால்களை அரத்தால் பாதிக்குமேல் தேய்த்து மெலிதாக்கினேன். இனி ஒரு குழந்தை இழுத்தாலும் பேடு கையோடு வந்துவிடும். வரட்டும்.

அரசி படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று தெளிவாக இருந்தாள். பேடின் மடிப்பில் காய்ந்திருந்த கறையையும் தன் கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இத நானாங்க பண்ணுனேன்?"

"வெயிலுக்கு உடைஞ்சிருச்சு" என்றேன். ஒரு மாதமாக எழுதி எழுதி வாயில் அதுதான் வந்தது.

"எங்கிட்டப் பொய் சொல்லாதீங்க. நாப்பது பிள்ளைக பொய் சொன்னாலும் எது யாரு சொன்னதுன்னு கண்டுபிடிச்சவ நானு."

அரத்தைக் கீழே வைத்தேன். "ஆமா. நீதான்" என்றேன்.

"எதுக்குங்க?"

"வீட்டுக்குப் போகணும்னு."

யோசித்தாள். "வண்டி வீட்டுக்குத்தானே போயிட்டிருக்கும்?"

"வீட்டுக்குத்தான்."

"அப்பறம் எதுக்கு நான் அப்புடிப் பண்ணோணும்?" என்றாள். என் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தாள். பிறகு, "எனக்கு என்னமோ ஆகுதுங்க. உங்களுக்குத் தெரியுது. சொல்ல மாட்டேங்கறீங்க" என்றாள்.

கட்டுப் போட்ட கையை எடுத்து என் முழங்காலில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னும் எத்தனை நாள் அவளால் இப்படிக் கேட்க முடியும் என்று தெரியவில்லை.

இதற்கு முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். வெயில், வேகத்தடை, ரோடு. அடித்துவிடலாமா என்று நினைத்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

சுகந்திக்கு நானே போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சுகந்தி நேற்று வந்துவிட்டாள். இன்று வருஷப் பிறப்பு. பாயசம் அவள்தான் வைத்தாள். அம்மாவுக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட்டாள். "இந்த மிஸ் ரொம்ப நல்ல பொண்ணு" என்று அரசி என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். அது சுகந்திக்கும் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைத் துடைத்தாள், ஏற்கெனவே துடைத்த அடுப்பை.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூரில் மூளை நரம்பு டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறாள். எப்படிப் போவது என்பதில் எங்களுக்குள் பேச்சு வந்தது.

"அம்மாவ பின்னாடி உக்கார வெச்சு சைல்டு லாக் போட்ரலாம்ப்பா."

"மாட்டேன். அது அவ வண்டி. மூட்டை முடிச்ச ஏத்தற மாதிரி அவளப் பின்னாடி போட்டுப் பூட்டி ஓட்டிட்டுப் போக எனக்கு மனசு வராது."

"யாருப்பா உங்கள ஓட்டச் சொன்னா?" என்றாள் சுகந்தி. "நான் ஓட்டறேன். நீங்களும் பின்னாடி உக்காருங்க, அம்மா பக்கத்துல."

எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓட்டுகிற ஆளாகவே இருந்து பழகிவிட்டேன் போலிருக்கிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

டாக்டர் சின்ன வயசுக்காரர். அரசியிடம் மரியாதையாகப் பேசினார். கடிகாரம் வரையச் சொன்னார். கணக்கு டீச்சராக இருந்தவள், வட்டத்தை அச்சடித்த மாதிரி போட்டாள். எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் போய் ஒதுங்கிக்கொண்டன. நோயின் பெயரைச் சொன்னார். குணமாகாது, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார். கேள்விப்படாததை ஒன்றும் அவர் சொல்லிவிடவில்லை.

"பயந்துட்டாங்கன்னா நீங்க யாருன்னு வாதாடாதீங்க சார்" என்றார். "அந்த நேரத்துக்கு அவங்களுக்கு யாரு தேவையோ, அவராவே இருந்துட்டுப் போங்க."

சுகந்தி நாளை மறுநாள் ஊருக்குப் போக வேண்டும். அதன் பிறகு ஓட்டுவதற்கு, கூப்பிடும்போது வந்து ஓட்டும் ஆக்டிங் டிரைவர் ஒருவரைப் பேசி வைத்திருக்கிறாள், பொறுமையான ஆளாம்.

திரும்பும்போது கிணத்துக்கடவு வரை அரசி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குமேல் தோள்கள் இறுகுவதைக் கண்டேன். கை மெல்லக் கதவுப் பக்கம் போனது. நான் அசையாமல் இருந்தேன். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த சுகந்தியின் பின்தலையை உற்றுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஏனுங்க, இந்த வண்டி எங்கீங்க போகுது?"

"பொள்ளாச்சிக்குங்க."

"நிச்சயமாத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. நானும் அங்கதான் எறங்கணும்."

அவள் கை கதவை விட்டு இறங்கியது. என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். சட்டை, முகம், மடியில் இருந்த ஆஸ்பத்திரி ஃபைல். நம்பலாம் என்று முடிவு செய்தவள்போலத் தலையாட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தனியா வர்றதுன்னா கொஞ்சம் பயமுங்க" என்றாள். "நல்ல வேளை, கூட நீங்க இருக்கீங்க."

கண்ணாடியில் சுகந்தியின் கண்கள் தெரிந்தன. வண்டி சீராகப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு நடுவில் சீட்டின் மேல் இருந்த தன் கைப்பையைக் கட்டுப் போட்ட கைகளால் சிரமப்பட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் அரசி.

"ஓரமா ஒண்டிட்டு உக்காந்திருக்கீங்களே. நல்லா உக்காருங்க" என்றாள்.

நகர்ந்து உட்கார்ந்தேன்.